எதிர்மனுதாரர்: அலபாமா மாநிலம்

சட்டக் கல்லூரியின் மூன்றாமாண்டில், எல்லாரும் ‘ஆட்டோ சங்கர் வழக்கு’ என்று சொல்லும் ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற தீர்ப்பை முதன்முறையாக முழுவதும் படித்தேன். தூக்குத் தண்டனை பெற்ற கைதி ஒருவர் சிறையிலிருந்து எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்ததும், அதைச் சிறைத்துறை தடுக்கப் பார்த்ததும் அக்காலத்துத் தமிழ்நாட்டில் பெரிய செய்தி. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அச்சேறும் முன்னரே ஓர் எழுத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. தம் அலுவல் குறித்து வந்த செய்திக்காக ஓர் அதிகாரி நட்டஈடு கோரினால், அச்செய்தி பொய் என்று காட்டினால் மட்டும் போதாது, உண்மையைப் பற்றிய கவலையே இல்லாமல் அது வெளியிடப்பட்டது என்றும் நிறுவ வேண்டும் என்றது. இந்த விதியின் வேரைத் தேடிப் போனால், அது 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் என்ற தீர்ப்பில் போய் நின்றது. சல்லிவன் யார் என்று பார்த்தேன். அலபாமா மாநிலத் தலைநகரான மான்ட்கோமரியின் காவல்துறையைக் கவனித்துவந்த நகர ஆணையர்.

சென்னையில் ஒரு வார இதழுக்குக் கிடைத்த பாதுகாப்பு அலபாமாவில் ஒரு நகர ஆணையர் தொடுத்த வழக்கிலிருந்து வந்தது என்பது எனக்கு அன்று வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு, அமெரிக்கத் தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாநிலத்தின் பெயர் கண்ணில் படத் தொடங்கியது. தூக்குத் தண்டனை விதிக்கத்தக்க வழக்கில் வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்ற விதி பவல் எதிர் அலபாமா. கொத்தடிமைச் சட்டத்தைச் செல்லாததாக்கிய தீர்ப்பு பெய்லி எதிர் அலபாமா. ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அரசு கேட்டு வாங்க முடியாது என்பதும் அலபாமா வழக்குத்தான். ஒரு மனிதருக்கு ஒரே மதிப்புள்ள வாக்கு என்பதும் அங்கிருந்து வந்தது. ஒரு மாநிலம் ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பில் நின்று, தோற்றுத் தோற்றே ஒரு நாட்டுக்கு உரிமைகளை எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்குகளைத் தொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கத் தொடங்கிய பின் வேடிக்கையாக எதுவும் இருக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மான்ட்கோமரிக்குப் போக வாய்த்தது. டெக்ஸ்டர் அவென்யூ என்ற அகன்ற தெரு ஒரு மேட்டை நோக்கி ஏறுகிறது. மேட்டின் உச்சியில் வெண்ணிற மாடத்துடன் மாநிலத் தலைமைச் செயலகம். 1861 பிப்ரவரியில், அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்ற இடத்தை அதன் படிக்கட்டின் மேல் ஒரு நட்சத்திரம் பதித்துக் காட்டுகிறார்கள். அங்கிருந்து கல்லெறி தூரத்தில், மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த செங்கல் தேவாலயம். தெருவின் மறுமுனையில் ஒரு நீரூற்றுச் சதுக்கம். அடிமைகளை ஏலம் விட்ட சந்தை அங்கேதான் இருந்தது, வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் அன்று அந்தப் பேருந்தில் ஏறியதும் அங்கேதான். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய தெரு.

நான் சொல்ல வந்த கதை அந்த மேட்டின் மேல் 1901 மே மாதத்தில் தொடங்குகிறது. புதிய மாநில அரசமைப்புச் சட்டம் எழுதுவதற்காக 155 பிரதிநிதிகள் கூடினார்கள். அனைவரும் வெள்ளையர், அனைவரும் ஆண்கள். அவைத் தலைவர் ஜான் நாக்ஸ் என்ற வழக்கறிஞர் தம் தொடக்க உரையில் எதையும் மறைக்கவில்லை. கூட்டாட்சி அரசமைப்பு அனுமதிக்கும் எல்லைக்குள் இந்த மாநிலத்தில் வெள்ளையர் மேலாண்மையை நிறுவுவதே நம் வேலை என்றார். அதை வன்முறையாலும் மோசடியாலும் அல்லாமல் சட்டத்தால் நிறுவ வேண்டும் என்றார். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்திருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அதை அடியாட்களாலும் வாக்குப் பெட்டித் திருட்டாலும் சமாளித்து வந்தவர்கள், அந்தத் திருட்டு தங்கள் பிள்ளைகளின் ஒழுக்கத்தையே கெடுக்கிறது என்று கவலைப்படத் தொடங்கியிருந்தார்கள். திருடுவதை நிறுத்த அவர்கள் கண்ட வழி, திருட்டைச் சட்டமாக்கிவிடுவது. இந்த உரையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அதன் அமைதிதான் உறுத்துகிறது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் படிப்பது போன்ற தொனி அதில் இருக்கிறது.

அவர்கள் எழுதிய சட்டத்தில் ‘கறுப்பர் வாக்களிக்கக் கூடாது’ என்று ஓரிடத்திலும் இல்லை. மாநிலத்தில் இரண்டு ஆண்டும் மாவட்டத்தில் ஓர் ஆண்டும் வசித்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது 40 ஏக்கர் நிலமோ 300 டாலர் சொத்தோ வேண்டும். ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த நிலுவை அடுத்த ஆண்டுக்கும் சேர்ந்து ஏறும். ‘ஒழுக்கக்கேடான’ குற்றம் எதிலாவது தண்டனை பெற்றிருந்தால் வாக்கு இல்லை. இந்தத் தடைகளெல்லாம் நடைமுறைக்கு வருமுன், 1903 தொடங்கும் வரை ஒரு பக்கக் கதவும் திறந்திருந்தது. போர்களில் பணியாற்றியவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும், ‘நன்னடத்தை உடையவர்’ என்று பதிவு அதிகாரி கருதும் எவரும், அதற்குள் பதிந்துகொண்டால் வாழ்நாள் முழுதும் வாக்காளர். நன்னடத்தை யாருக்கு உண்டு என்பதை அந்த அதிகாரியின் கண் முடிவு செய்தது.

இந்தச் சட்டத்துக்கு மக்களின் ஒப்புதல் வாங்கிய கதை இன்னும் சுவையானது. அலபாமாவின் நடுவே, நம் கரிசல் காடு போலவே மண்ணின் நிறத்தால் பெயர் பெற்ற, பருத்தி விளையும் ஒரு வட்டாரம் உண்டு. அடிமைகளின் வழித்தோன்றல்கள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்கள் அவை. 1901 நவம்பர் வாக்கெடுப்பில் அங்குள்ள 12 மாவட்டங்களில் புதிய சட்டத்துக்கு ஆதரவாக 36,224 வாக்குகளும் எதிராக 5,471 வாக்குகளும் விழுந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டது. தங்கள் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்தைக் கறுப்பின மக்களே வரிசையில் நின்று ஆதரித்தார்கள் என்பது அதன் பொருள். மற்ற மாவட்டங்களை மட்டும் கூட்டினால் சட்டம் தோற்றிருக்கிறது. மோசடியை ஒழிக்க வந்த சட்டம் மோசடியால்தான் நிறைவேறியது. வாக்களிக்கத் தகுந்த வயதில் சுமார் 1,80,000 கறுப்பின ஆண்கள் இருந்த மாநிலத்தில், ஓரிரு ஆண்டுகளில் அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர்தான் பட்டியலில் மிஞ்சினார்கள். தலைவரி ஏழை வெள்ளையரிலும் பெருந்தொகையானவர்களை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது.

மான்ட்கோமரியில் ஜாக்சன் கைல்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1871 முதல் 1901 வரை தவறாமல் வாக்களித்து வந்தவர். 1902இல் பதிவு செய்யப் போனபோது திருப்பி அனுப்பப்பட்டார். தமக்காகவும் தம்மைப் போன்ற ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவருக்காகவும் அவர் வழக்குத் தொடுத்தார். டஸ்கீகியில் கல்வி நிறுவனம் நடத்திய, வெளியில் வெள்ளையரோடு இணங்கிப் போகச் சொல்லிவந்த புக்கர் டி. வாஷிங்டன், யாருக்கும் தெரியாமல் இந்த வழக்குக்குப் பணம் கொடுத்து, வில்ஃபோர்ட் ஸ்மித் என்ற கறுப்பின வழக்கறிஞரோடு புனைபெயர்களில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

1903 ஏப்ரலில் தீர்ப்பெழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சட்ட மாணவர்கள் மேற்கோள் காட்டி மகிழும் பெயர். என் பழைய நோட்டுப் புத்தகங்களின் முன்பக்கத்தில்கூட அவர் வரிகள் இருந்தன. கைல்ஸ் வழக்கில் அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். இந்தப் பதிவுமுறை முழுவதும் மோசடி என்று மனுதாரரே சொல்கிறார். அப்படியானால் மோசடியான ஒரு பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னால் நீதிமன்றமும் அந்த மோசடியில் பங்காளி ஆகாதா என்பது முதலாவது. இரண்டாவது காரணம் வெளிப்படையானது. வெள்ளையரில் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவரை வாக்களிக்க விடக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தால், ஒரு காகிதத்தில் பெயர் எழுதுவதால் அவர்களைத் தடுக்க முடியாது. இந்த அரசியல் தீங்குக்குப் பரிகாரத்தை அம்மாநில மக்களிடமோ நாட்டின் அரசியல் அமைப்புகளிடமோதான் கேட்க வேண்டும். வாக்கு மறுக்கப்பட்டவரிடம், வாக்கின் மூலம் பரிகாரம் தேடிக்கொள்ளச் சொன்ன தீர்ப்பு இது. மூவர் மாறுபட்டார்கள், ஆனாலும் அதுவே சட்டமாக நின்றது. நோட்டுப் புத்தகத்தில் இருந்த அந்த வரிகளை நான் அடித்துவிடவில்லை. பக்கத்தில் ‘கைல்ஸ், 1903’ என்று மட்டும் எழுதி வைத்தேன்.

வாக்கு போனபின் உழைப்பு. அலோன்சோ பெய்லி என்ற தொழிலாளி 1907 டிசம்பர் கடைசியில், மாதம் 12 டாலர் கூலிக்கு ஓராண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து 15 டாலர் முன்பணம் வாங்கினார். ஒரு மாதமும் சில நாட்களும் வேலை செய்துவிட்டு நின்றுவிட்டார். முன்பணத்தைத் திருப்பித் தராமல் வேலையை விட்டாலே, வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று கொள்ளலாம் என்றது அலபாமாச் சட்டம். அப்படி ஓர் எண்ணம் தன் மனத்தில் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டிலேறிச் சொல்லவும் அம்மாநிலச் சாட்சிய விதி இடம் தரவில்லை. தண்டனை 30 டாலர் அபராதமும் நீதிமன்றச் செலவும். கட்ட முடியாததால் அபராதத்துக்கு 20 நாளும் செலவுக்கு 116 நாளும் கடும் உழைப்பு. குற்றத்தைவிட வழக்கு நடத்திய செலவு ஆறு மடங்கு கனமாக இருந்திருக்கிறது. 1911 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கொத்தடிமை முறை என்று சொல்லிச் சட்டத்தை ரத்து செய்தது. இங்கும் பின்னால் நின்று உதவியவர் புக்கர் வாஷிங்டன். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ்.

‘கடும் உழைப்பு’ என்பது அலபாமாவில் பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தைக் குறித்தது. மாநிலமும் மாவட்டங்களும் கைதிகளைச் சுரங்க முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. பெய்லி வழக்கில் தீர்ப்பு வந்த அதே 1911இன் ஏப்ரலில், பர்மிங்ஹாமுக்கு அருகே பேனர் சுரங்கம் வெடித்து 128 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். அவர்களில் பலர் சில நாள் தண்டனை பெற்ற சில்லறைக் குற்றவாளிகள். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகும் கைதிக் குத்தகையை 1928 வரை விடாமல் வைத்திருந்தது அலபாமா.

1931 மார்ச் 25 அன்று, டென்னசியிலிருந்து வடக்கு அலபாமா வழியாகச் சென்ற ஒரு சரக்கு ரயிலில் வேலை தேடிச் சீட்டில்லாமல் பயணம் செய்த கறுப்பின இளைஞர்களுக்கும் வெள்ளை இளைஞர்களுக்கும் சண்டை மூண்டது. பெயிண்ட் ராக் என்ற ஊரில் ரயிலை நிறுத்தி ஒன்பது கறுப்பினத்தவரைப் பிடித்தார்கள். மூத்தவருக்கு 19 வயது, இளையவர்கள் 13 வயதுச் சிறுவர்கள். அதே ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைப் பெண்கள், இவர்கள் தங்களைக் கூட்டாகக் கெடுத்தார்கள் என்றார்கள். பன்னிரண்டாம் நாளில் ஸ்காட்ஸ்பரோ என்ற சிற்றூரில் விசாரணை தொடங்கியது. ஆயிரக்கணக்கில் கூட்டம், துப்பாக்கி ஏந்திய மாநிலப் படை காவல். குற்றச்சாட்டுப் படிக்கப்பட்ட நாளில், இவர்களுக்காக ஆஜராக ஊரிலுள்ள வழக்கறிஞர்கள் அனைவரையும் நியமித்ததாக நீதிபதி பதிவு செய்தார். ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாரும் பொறுப்பு போன்ற நியமனம் அது. விசாரணை நாளில் வந்து நின்றவர்கள் இரண்டு பேர்: பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த, நிலம் வீடு தொடர்பான வழக்குகளே பார்த்துப் பழகிய ஒருவர், எழுபதை நெருங்கிய உள்ளூர் முதியவர் ஒருவர். ஏப்ரல் 6 தொடங்கி 9க்குள் எல்லாம் முடிந்தது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. ஒன்பதாமவனான ராய் ரைட் சிறுவன் என்பதால் அரசுத் தரப்பு ஆயுள் தண்டனையே கேட்டது. ஜூரிகளில் பதினொருவர் மரணமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் ஒருமித்த முடிவு வரவில்லை.

1932 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனைகளை நீக்கியது. படிப்பறிவும் பண வசதியும் இல்லாதவர் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டை எதிர்கொள்ளும்போது, உண்மையாகவே உதவக்கூடிய வழக்கறிஞரை நியமிப்பது நீதிமன்றத்தின் கடமை என்பதே பவல் எதிர் அலபாமாவின் சாரம். இன்று அமெரிக்காவில் ஏழைக் குற்றவாளிக்காக நிற்கும் ஒவ்வொரு வழக்கறிஞரின் பின்னாலும் அந்த ஒன்பது பேர் நிற்கிறார்கள். அவர்களோ அன்றும் சிறையில்தான் இருந்தார்கள்.

மறு விசாரணை 1933இல் டிகேட்டர் நகரில் நடந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த சாமுவேல் லீபோவிட்ஸ் வாதாடினார். புகார் சொன்ன இரண்டு பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ் கூண்டிலேறி, அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார். ஆனாலும் ஜூரி மீண்டும் மரணம் என்றது. அப்போது நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் செய்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. மருத்துவச் சாட்சியத்தையும் புகார்தாரரின் வாக்குமூலத்தையும் பத்தி பத்தியாக ஒப்பிட்டு, இந்தச் சாட்சியத்தின் மேல் தண்டனை நிற்காது என்று எழுதி, ஜூரியின் முடிவை அவரே ரத்து செய்தார். அங்கே நீதிபதிகள் தேர்தலில் நின்று வெல்ல வேண்டியவர்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். பிறகு நீதிபதியாகவே ஆகவில்லை.

வழக்கு இன்னொருவர் கைக்குப் போய், இன்னொரு தண்டனையாகி, 1935இல் மறுபடி உச்ச நீதிமன்றம் வந்தது. இம்முறை கேள்வி ஜூரி பற்றியது. ஸ்காட்ஸ்பரோ உள்ள ஜாக்சன் மாவட்டத்தில் கறுப்பினத்தவர் ஜூரியாக அமர்ந்ததை உயிரோடிருந்த எவரும் பார்த்ததில்லை. தகுதியானவர்கள் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்களும் உண்டு என்று மாநிலம் ஒரு பதிவேட்டைக் காட்டியது. வழக்கு எழுந்த பின் அந்தப் பெயர்கள் கடைசியில் செருகப்பட்டவை என்று லீபோவிட்ஸ் சொன்னார். பதிவேட்டையும் பூதக்கண்ணாடியையும் நீதிபதிகளிடமே கொடுத்தார். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் குனிந்து பார்த்தார்கள். மேல்முறையீட்டில் நீதிபதிகள் கண்ணால் சாட்சியம் பார்ப்பது அரிது. நாரிஸ் எதிர் அலபாமா என்ற அத்தீர்ப்பு, கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து முறையாக விலக்கி வைத்துவிட்டு அளிக்கும் தண்டனை செல்லாது என்றது.

வென்ற கிளாரன்ஸ் நாரிஸுக்கு 1937இல் மூன்றாம் முறையாக மரண தண்டனை விதித்தார்கள். அதே ஆண்டு, அதே சாட்சியத்தின் மேல் குற்றம் சாட்டப்பட்டிருந்த நால்வரை அரசே விடுவித்தது. ஐவர் உள்ளே இருக்கட்டும், நால்வர் போகட்டும் என்ற கணக்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. நாரிஸின் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1946இல் நிபந்தனையோடு வெளியே வந்தவர் மாநிலத்தை விட்டு ஓடி, முப்பது ஆண்டுகள் தேடப்படும் குற்றவாளியாகவே வாழ்ந்தார். 1976இல் அவருக்கு மன்னிப்பு அளித்தது ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், ‘இன்றும் நாளையும் என்றும் இனப்பிரிவினை’ என்று அந்த டெக்ஸ்டர் தெரு மேட்டில் முழங்கிப் பதவியேற்ற அதே வாலஸ். வேறு மூவருக்கு 2013இல் மன்னிப்பு வந்தபோது வாங்கிக்கொள்ள ஒருவரும் உயிரோடில்லை.

1950களில் களம் மான்ட்கோமரிக்குத் திரும்பியது. ஃப்ரெட் கிரே அவ்வூர்க்காரர். கறுப்பினத்தவர் என்பதால் மாநிலச் சட்டக் கல்லூரியில் அவருக்கு இடமில்லை. ஓஹையோவில் படித்து 1954இல் ஊர் திரும்பினார். 1955 மார்ச்சில், ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னதாகவே, கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது மாணவி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். கிரே அவருக்காக வாதாடினார்; ஆனால் காவலரைத் தாக்கியதாக அவர்மேல் ஒரு குற்றம் நிலைத்தது. பார்க்ஸ் கைதானதை அடுத்துக் கறுப்பினத்தவர் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்ததை உலகம் அறியும். பேருந்துகளில் பிரிவினையைச் சட்டப்படி முடித்தது, கோல்வினும் இன்னும் மூன்று பெண்களும் மனுதாரர்களாக இருந்த பிரவுடர் எதிர் கெய்ல் வழக்கு என்பதை அறிந்தவர் குறைவு. அதில் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்த இருவரில் ஒருவர், கூட்டாட்சி நீதிபதி ஃப்ராங்க் ஜான்சன். அலபாமாவில் பிறந்த வெள்ளையர்.

மாநிலம் சும்மா இருக்கவில்லை. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தர வேண்டும் என்று 1956இல் நீதிமன்ற ஆணை வாங்கியது. பட்டியலில் இருப்பவர் மறுநாள் வேலையை இழப்பார், வீடு எரியும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். சங்கம் மறுத்தது, 1,00,000 டாலர் அபராதம். 1958இல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. ஆனால் மாநில நீதிமன்றங்களின் இழுத்தடிப்பால் அது 1964 வரை அலபாமாவில் செயல்படவே முடியவில்லை. சட்டத்தில் வென்று எட்டாண்டு தோற்ற வழக்கு. டஸ்கீகியில் படித்த கறுப்பினத்தவர் வாக்காளர்களாகப் பெருகியபோது, சட்டமன்றம் 1957இல் சதுரமாயிருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட விநோத உருவமாக வெட்டியது. சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் நீங்கலாக எல்லாரும் நகருக்கு வெளியே போனார்கள். ஒரு வெள்ளையர்கூடப் போகவில்லை. இதைத் தடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று வழக்கைத் தள்ளியவரும் ஃப்ராங்க் ஜான்சன்தான். 1960இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திருத்தியது. நல்ல நீதிபதிகளைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி சல்லிவனுக்கு வருகிறேன். 1960 மார்ச்சில் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சில பிழைகள்: மாணவர்கள் பாடிய பாட்டு வேறு, கிங் ஏழு முறை கைது என்றிருந்தது, உண்மையில் நான்கு. சல்லிவனின் பெயர் எங்கும் இல்லை. சுமார் 6,50,000 பிரதிகளில் அலபாமாவுக்கு வந்தவை 394. மான்ட்கோமரி மாவட்டத்துக்கு ஏறத்தாழ 35. இதற்காக ஜூரி வழங்கிய நட்டஈடு 5,00,000 டாலர். இத்தகைய வழக்குகள் இன்னும் வரிசையில் நின்றன; தென் மாநிலங்களில் நடப்பதை வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதாமல் செய்வதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. தங்களைக் கேட்காமலே விளம்பரத்தில் பெயர் சேர்க்கப்பட்ட நான்கு கறுப்பின போதகர்களும் பிரதிவாதிகள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே அவர்களின் கார்களையும் சொத்துகளையும் ஜப்தி செய்தார்கள். தீர்ப்பு 1964 மார்ச்சில் ஒருமனதாக வந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தின் பெருந்தீர்ப்பு என்று நாங்கள் படித்த அதில், ஜப்தியான அந்தக் கார்களைப் பற்றி வகுப்பில் யாரும் சொன்னதில்லை.

அதே 1964 ஜூனில் ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதிகளை மறுவரையறை செய்ய வேண்டும் என்று 1901ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியும், சட்டமன்றம் அதன்பின் ஒருமுறையும் செய்யவில்லை. பர்மிங்ஹாம் உள்ள ஜெஃபர்சன் மாவட்டத்தின் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு செனட்டர்; கரிசல் வட்டாரத்து லவுண்டஸ் மாவட்டத்தின் 15,417 பேருக்கும் ஒரு செனட்டர். இந்த லவுண்டஸைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அங்கே ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1965 தொடங்கும்போது ஒரு கறுப்பின வாக்காளர்கூடப் பதிவாகியிருக்கவில்லை. கணக்கில் தலைகளாக எண்ணப்பட்டவர்கள் அவர்கள். செனட்டரை அனுப்பியது எஞ்சிய சிறுபான்மை. அந்த ஆண்டு ஆகஸ்டில், அங்கே வாக்குரிமைப் பணி செய்ய வந்த ஜோனத்தன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர், ஒரு கறுப்பினப் பெண்ணைக் காப்பாற்றக் குறுக்கே நின்று சுடப்பட்டு இறந்தார். சுட்டவரை வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி விடுவித்தது. ஆறு மாதத்துக்குள், அதே லவுண்டஸிலிருந்து எழுந்த வைட் எதிர் குரூக் வழக்கில், கறுப்பினத்தவரை மட்டுமல்ல, பெண்களையும் ஜூரியிலிருந்து விலக்குவது அரசமைப்புக்கு முரண் என்று கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அலபாமாப் பெண்கள் எந்த நிறத்தவராயினும் அதுவரை ஜூரியில் அமர முடியாது.

வாக்குரிமை கேட்டு மான்ட்கோமரிக்கு நடக்கப் புறப்பட்டவர்கள் மேல் செல்மாப் பாலத்தில் 1965 மார்ச் 7 அன்று நடந்த தடியடியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பத்து நாள் கழித்து ஃப்ராங்க் ஜான்சன் இட்ட ஆணையைத்தான் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் கூட்டமாக நடந்து போகும் உரிமை எவ்வளவு என்றால், எதிர்த்து நிற்கும் தீங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு என்று எழுதி, ஊர்வலத்தை அனுமதித்தார். இருவழிச் சாலையாகக் குறுகும் பகுதியில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்றும் சேர்த்தார். ஊர்வலம் அந்த டெக்ஸ்டர் தெருவில் வந்து முடிந்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கைல்ஸுக்கு ஹோம்ஸ் காட்டிய ‘நாட்டின் அரசியல் அமைப்பு’ 62 ஆண்டுகள் கழித்து விழித்தது.

அதன் பின்னும் சட்டம் மெல்லத்தான் நடந்தது. 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றவர்களில் ஒருவர் 1977இலும், மற்ற இருவர் 2001, 2002ஆம் ஆண்டுகளிலும்தான் தண்டனை பெற்றார்கள். ‘ஒழுக்கக்கேடான குற்றம்’ என்ற 1901ஆம் ஆண்டு விதியை 1985இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, நாக்ஸின் அந்த உரையே மாநிலத்துக்கு எதிரான சாட்சியமாக நின்றது. கலப்பு மணத் தடையை அரசமைப்பிலிருந்து நீக்க 2000இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் அது இருக்கட்டும் என்றார்கள். பள்ளிகளில் பிரிவினை வேண்டும் என்ற செத்த வாசகம் 2004இலும் 2012இலும் பிழைத்து, 2022இல்தான் வெளியேறியது. 2013இல் ஷெல்பி மாவட்டம் தொடுத்த வழக்கில், தேர்தல் விதிகளை மாற்றுமுன் சில மாநிலங்கள் கூட்டாட்சியின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற, வாக்குரிமைச் சட்டத்தின் முன் அனுமதி ஏற்பாடு செயலிழந்தது. அலபாமாத் தரப்பு வென்ற அரிதான பெருவழக்கு அது. 2023இல், மக்களில் கால் பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் உள்ள மாநிலத்தில் ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்களைப் பெரும்பான்மையாக வைத்த வரைபடம் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதன் பின்னும் சட்டமன்றம் ஏறத்தாழ அதே வரைபடத்தையே திரும்ப வரைந்ததால், நீதிமன்றம் நியமித்த அலுவலர் வரைந்த எல்லைகளின் மேல் 2024 தேர்தல் நடந்தது. வழக்கறிஞர் உரிமையைப் பவல் வாங்கிக் கொடுத்த அதே மாநிலத்தில், அந்தோணி ரே ஹின்டன் ஏறத்தாழ 30 ஆண்டுகள் மரண தண்டனைச் சிறையில் இருந்தார். துப்பாக்கி நிபுணருக்கு 1,000 டாலருக்கு மேல் கேட்க முடியாது என்று அவருடைய வழக்கறிஞர் தவறாக நினைத்துக்கொண்டது ஒரு காரணம். 2015இல் அவர் வெளியே வந்தார்.

மான்ட்கோமரியில் இருந்த கடைசி நாள், வெறிக் கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவருக்காக 2018இல் திறக்கப்பட்ட நினைவிடத்துக்குப் போனேன். மாவட்டத்துக்கு ஒன்றாக எண்ணூறுக்கு மேற்பட்ட துருவேறிய எஃகுத் தூண்கள், அவற்றில் பெயர்கள். தளம் இறங்க இறங்கத் தூண்கள் தலைக்கு மேல் தொங்குகின்றன. இவர்களுக்கு வழக்கே இல்லை என்று தோன்றியது. நான் படித்த தீர்ப்புகளில் இருப்பவர்கள் அந்த வகையில் பேறு பெற்றவர்கள்.

கிளாடெட் கோல்வின் பின்னர் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்தார். 1955இல் சிறார் நீதிமன்றம் அவரைக் கண்காணிப்பில் வைத்தது. அது முடிந்தது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அலபாமாவின் பேருந்துப் பிரிவினையை ரத்து செய்ய வைத்த வழக்கின் மனுதாரர், மான்ட்கோமரி ஆவணங்களில் காவலரைத் தாக்கிய சிறுமியாகவே இருந்தார். 2021இல், தம் 82ஆம் வயதில், அந்தப் பதிவை அழிக்கக் கோரி அதே மாவட்டத்துச் சிறார் நீதிமன்றத்தில் மனு போட்டார். ஆணையில் கையெழுத்திட்ட நீதிபதி ஒரு கறுப்பினத்தவர்.